கஞ்சியும் ஆறு டின் தேங்காய்ப்பாலும்

மே 8, வியாழன்

மழை. பன்னிரண்டு பாகை என்று கைப்பேசி சொல்கிறது. என் கால்விரல்கள் நம்பவில்லை. பள்ளியில் கணிதம். பரீட்சைக்கு எந்தப் பாடம் சீட்டில் விழும் என்று இனித்தான் சொல்வார்கள். எதுவோ விழட்டும்.

அம்மா மீன்கடையில் மூன்று சால்மன் தலை எடுத்து வந்தார். தலைக்குக் காசு இல்லை. கடைப் பெடியன் ஒவ்வொரு முறையும் "பூனைக்கா?" என்று கேட்பான், அம்மா ஒவ்வொரு முறையும் தலையாட்டுவார். எங்கள் வீட்டில் பூனை கிடையாது. இன்று அவன், "மொத்தம் எத்தனை பூனை?" என்று கேட்டானாம். அம்மா மூன்று விரலைக் காட்டினாராம். அப்பாப் பூனை, அம்மாப் பூனை, மீசை இல்லாத நான்.

மூன்று தலைகளின் எதிர்காலம்:
– இன்று: குழம்பு.
– வெள்ளி: மரக்கறி நாள். தலைகளுக்கு விடுமுறை.
– சனி: கன்னத்துச் சதையை நோண்டி, உருளைக்கிழங்கோடு கட்லட்.
– ஞாயிறு: முள் அவித்த தண்ணீரில் சொதி.
– திங்கள்: உண்மையான பூனைகூட வேண்டாம் என்று சொல்லும் ஒன்று.

சிக்கன் இல்லாத வீட்டில் சிக்கனம்.

இப்போது சமைப்பது அப்பா. ஜனவரியிலிருந்து வீட்டில்தான். முதியோர் இல்லச் சமையலறையில் பதினொரு வருடம் வேலை செய்தவர். ஒரு நாள் பெரிய பானைக்கு முன்னால் நின்றவர், நின்றபடியே நின்றுவிட்டார் என்று அங்கிருந்து அழைத்துச் சொன்னார்கள். கையில் அகப்பை. அம்மா போய்க் கூட்டி வந்தார். அன்றிலிருந்து சுகவீன விடுப்பு. டொக்டரின் கடிதம் இந்த மாதக் கடைசி வரைக்கும்தான்.

அம்மா போனில் பெரியம்மாவிடம் (குளியலறைக் கதவை மூடினால் கேட்காது என்று நினைப்பு): "இந்த மாசத்துக்குள்ளை இந்த மனிசன் எழும்பாட்டி, பிறகு எழும்பாது அக்கா. எனக்குத் தெரியும்."

அப்பா இன்று பேசியவை: "உப்புக் காணுமோ?" (போதுமா என்று) "ஓம்." "கதவு."

மே 10, சனி

வெயில். பேர்ச் மரத்து மகரந்தத் தூள். நாற்பது தும்மல், பிறகு எண்ணவில்லை.

ஃப்ரீசரில் பகிடி. அம்மா மிச்சம் மீதி எல்லாவற்றையும் பழைய ஐஸ்கிறீம் பெட்டிகளில் போட்டு, தாள் ஒட்டி, திகதி எழுதி வைப்பார். எங்கள் வீட்டு வடதுருவம். அதில் பருப்புத் தாளை மாம்பழக் கூழுக்கும், மாம்பழக் கூழின் தாளைப் பருப்புக்கும் மாற்றி ஒட்டினேன். மதியம் அப்பா ஒன்றை எடுத்து உருக்கிச் சூடாக்கினார். சோற்றுக்கு மேல் சூடான மாம்பழம்.

அம்மா: "எடியே, உனக்குக் கை சும்மா இராதோ? சாப்பாட்டிலை என்ன விளையாட்டு?"

அப்பா அதைச் சோற்றோடு குழைத்து முழுவதும் சாப்பிட்டார். பிறகு கோப்பையைக் கழுவினார். கவனிக்கவில்லையா, வீணாக்கக் கூடாது என்றா, தெரியவில்லை. யாரும் சிரிக்காத பகிடி. எனக்கும் சிரிப்பு வரவில்லை. இந்த வருடம் எனக்கு ஒன்றுமே வருவதில்லை, தும்மலைத் தவிர.

பின்னேரம் செல்வம் மாமா (இனிமேல் செ.மா.). எண்பதுகளிலேயே நோர்வேக்கு வந்தவர். தமிழ்ச் சனம் கூடும் மண்டபத்தில் எது நடந்தாலும் மைக் அவரிடம்தான். மே 18 அன்று கஞ்சி கொடுப்பதும் அவர் பொறுப்பு. அது ஊரில் போர் முடிந்த நாள். அந்தக் கடைசி நாள்களில் அங்கே சனம் குடித்த கஞ்சி: அரிசி, தண்ணீர், உப்பு. அதையே காய்ச்சி, அதே மாதிரி வரிசையில் நின்று வாங்கி, ஒரு வாய் குடிப்பது. அதுதான் நினைவு. அம்மாவும் அப்பாவும் அந்த நாள்களில் அங்கே இருந்தவர்கள். நான் அம்மாவின் வயிற்றில். ஓகஸ்டில் முகாமில் பிறந்தேன். எங்கள் வீட்டிலிருந்து யாரும் இதுவரை மண்டபத்துக்குக் கஞ்சி குடிக்கப் போனதில்லை. நான் மட்டும் போன வருடம் நிருவோடு போனேன். நிரு, ரொம்சோஸ் பக்கத்துப் பெடியன், என் வகுப்பு.

செ.மா. அப்பாவிடம்: "தம்பி, நாங்கள் வருசா வருசம் காய்ச்சிறம். சரியோ பிழையோ ஆருக்குத் தெரியும்? நாங்கள் அப்ப இஞ்சை டீவி பாத்துக்கொண்டிருந்த ஆக்கள். நீர் அங்கை நிண்டு காய்ச்சிக் குடுத்தனீர். நீர் வந்து காய்ச்சினால்தான் அது கஞ்சி."

அப்பா தன் கையைப் பார்த்தார்.

"சனம் கேக்குது, தம்பி."

அம்மா குசினியிலிருந்து: "அவர் செய்வார், அண்ணை."

தேநீரில் ஆடை கட்டியது. பிறகு அப்பா: "உப்பு மட்டும்தான். வேறை ஒண்டும் போடக் குடாது."

"ஓம் ஓம், அதுதானே முறை."

ஆறு சொற்கள். ஜனவரிக்குப் பிறகு இதுதான் அதிகம். செ.மா. போனதும் அம்மா பாத்திரம் கழுவும்போது ஏதோ முணுமுணுத்தார். பாட்டாகக்கூட இருக்கலாம்.

மே 12, திங்கள்

மேகம். அம்மா வேலை முடிந்து குறொன்லாண்ட் கடைத்தெருவுக்குப் போய் உடைந்த அரிசி வாங்கி வந்தார். முழு அரிசி வேண்டாம் என்று அப்பா சொல்லியிருந்தார். கடைக்காரர், "கோழி வளக்கிறீங்களோ?" என்று கேட்டாராம். மூன்று பூனை, இப்போது கோழி. ஒரு நாள் மாநகரசபை வந்து பார்க்கப்போகிறது.

ஒத்திகை. சின்னப் பானை. அப்பா ஒரு கை அரிசி போட்டார், யோசித்தார், அதிலிருந்து பாதியைத் திருப்பி எடுத்தார். தண்ணீர் நிறைய. கிண்டல் செய்வதற்கு வசனம் தேடினேன். அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

ருசி: சூடான ஒன்றுமில்லை.

"எப்பிடி?" என்று அம்மா.

"ஒண்டுமில்லாததை நல்லாக் காய்ச்சியிருக்கிறார்."

அம்மா என் தலையில் குட்டினார். அப்பா குடிக்கவில்லை. எங்களுக்கு ஊற்றிய பிறகு பானைக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டு, சுழற்றி, அந்தத் தண்ணீரைக் குடித்தார். ஒரு பருக்கையும் மிஞ்சவில்லை.

மே 14, புதன்

டொக்டர். அம்மாவுக்கு வேலை, ஆகவே நான் அப்பாவுக்குத் துணை. டொக்டர் நரைத்த பெண், சுவரில் சைக்கிள் தொப்பி. மொழிபெயர்ப்பாளர் போனில். "வணக்கம்" என்று குரல் வந்ததும் அப்பா நிமிர்ந்தார். மண்டபத்தில் காணும் ஒருவரின் குரல் மாதிரி. அவரேதானா, தெரியாது. தமிழ் ஆள் என்றால் யாருக்கோ தெரிந்த ஆள்தான், சொன்னது மண்டபம் வரைக்கும் போகும்.

டொக்டர்: எங்கே நோகிறது?
அப்பா: "முதுகு."
டொக்டர்: நித்திரை எப்படி? மனதில் ஏதாவது?
அப்பா: "முதுகு."
டொக்டர்: வேலையில் அன்று என்ன நடந்தது?
அப்பா: "முதுகு பிடிச்சது."

இருபது நிமிடம், ஒரு முதுகு.

டொக்டர் சொன்னது: 22ஆம் திகதி திரும்ப வாருங்கள். காரணம் தெரியாமல் கடிதத்தை நீட்டிக்கொண்டே போக முடியாது. காரணம் தெரிந்தால் உதவிக்கு அனுப்பலாம், பாதி நேர வேலையோடு தொடங்கலாம். அப்பா நன்றி என்று சொன்னார்.

பஸ் தரிப்பிடத்தில் நான்: "உங்கடை முதுகுக்கு ஒண்டுமில்லையே."

"தெரியும்."

பஸ் வந்தது.

மே 17, சனி

நோர்வேயின் தேசிய நாள், நாடே கொடி. காலை ஏழு மணிக்கே எங்கோ துப்பாக்கி மாதிரி வெடி, பிறகு வாத்தியக் குழு. வெடிச் சத்தத்துக்கு அப்பா ஒவ்வொரு வருடமும் குளியலறையில் இருப்பார். இந்த வருடமும்.

இன்று சாப்பிட்டவை: சொசேஜ் 2, ஐஸ்கிறீம் 3, நிருவின் கேக்கில் பாதி. அம்மாவுக்கு என்று பையில் ஒரு சொசேஜ் ரொட்டி. வீட்டில் அதைப் பிய்த்து, வெங்காயம் போட்டுக் கொத்தாக்கினார். நாளைக்குமாம்.

அப்பா பல்கனியில் சுளகு இல்லாமல் பேக்கிங் தட்டில் அரிசி கிளறிக் கல் பார்த்தார். கடை அரிசியில் கல் கிடையாது. கீழே பிள்ளைகள் கொடியோடு ஊர்வலம், "ஹுர்ரா, ஹுர்ரா." மேலே அப்பா, இல்லாத கல்லைத் தேடிக்கொண்டு.

அம்மா என் காதுக்குள்: "நாளைக்கு நல்லாப் போச்செண்டால் அவர் சரிவருவார். எல்லாரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் போதும்."

மே 18, ஞாயிறு

மண்டபம். உள்ளே ஈரக் குடைகளின் மணம். நிரு தன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"உன்ரை அப்பாவோ காய்ச்சிறார்? பாவம். போன வருசம் ஒருத்தரும் ரெண்டாந்தரம் கேக்கேல்லை. அந்த டொமினிக் அண்ணை பூச்சாடிக்குள்ளை ஊத்தினவர். நான் கண்ணாலை கண்டனான்."

"இந்த வருசம் கேப்பினம்."

"பந்தயமோ?"

நடந்தது இது. இதை எழுதி வைக்க வேண்டும், யாருக்கும் இல்லாவிட்டாலும்.

மண்டபத்துக் குசினி அலுமாரியில் யாருடையதோ கொண்டாட்டத்தில் மிஞ்சிய தேங்காய்ப்பால் டின்கள். அப்பா கஞ்சி காய்ச்சிய பெரிய கிடாரத்தை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டுச் சட்டை மாற்றப் போனார். ஆறு டின் திறந்தேன். ஊற்றினேன். கிளறினேன். நிரு கதவில் காவல். பகிடிக்காகத்தான். ஆனால் அது மட்டும் இல்லை. எல்லாரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் போதும் என்று அம்மா சொன்னாரே. வெறும் கஞ்சிக்கு யார் நல்ல வார்த்தை சொல்வார்கள்? கொஞ்சம் உதவி செய்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு நிமிட மௌனம். மெழுகுதிரி. பிறகு வரிசை. அப்பா கிடாரத்துக்குப் பின்னால் நின்று அகப்பையால் ஊற்றினார். முதல் கோப்பையிலேயே அவர் கை நின்றது. கஞ்சியைப் பார்த்தார், முகர்ந்தார். பின்னால் சனம். ஊற்றத் தொடங்கினார்.

சனம் குடித்தது. முகங்கள் மாறின.

"என்னப்பா இது, நல்லா இருக்கே!"

"இதுதானாம் உண்மையான கஞ்சி. அங்கை இருந்த ஆள் காய்ச்சினது."

மூலையில் ஒரு ஆச்சி மட்டும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "இது கஞ்சி இல்லை," என்றார் யாருக்கோ.

நிரு என்னை இடித்தான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். செ.மா. மைக்கில்: "கஞ்சி இன்னும் இருக்கு. விருப்பமான ஆக்கள் திரும்பவும் வரலாம்."

வந்தார்கள். முதலில் பிள்ளைகள், பிறகு பெரியவர்கள், கதவு வரைக்கும் இரண்டாவது வரிசை. பந்தயத்தில் நான் வென்ற நிமிடம்.

அப்பா அகப்பையைக் கீழே வைத்தார்.

"வரிசையிலை நிக்காதேங்கோ."

மெதுவாகத்தான் சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை. பிறகு கத்தினார். அப்பாவின் குரல் அவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியாது.

"நிக்காதேங்கோ! எல்லாரும் போங்கோ! படுங்கோ! ஆரும் வரிசையிலை நிக்காதேங்கோ!"

முன்னால் நின்றது மூன்று வயதுப் பிள்ளை, கையில் காகிதக் கோப்பை. அப்பா அவளை அள்ளிக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விட்டார். அவள் மேல் கவிழ்ந்து, தலையைக் கையால் மூடிக்கொண்டு. பிள்ளை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். மண்டபம் முழுவதும் வேறு சத்தம் இல்லை, அந்தச் சிரிப்பு மட்டும்.

அம்மாதான் மேசைக்குக் கீழே போனார். இரண்டு பேரையும் வெளியே கொண்டுவர வெகுநேரம்.

டாக்சியில் வீட்டுக்கு வந்தோம்.

மே 19, திங்கள்

மழை. பள்ளி. பரீட்சைக்கு விழுந்த பாடம் நோர்வேஜிய மொழி. எல்லாரும் ஓ என்றார்கள். நானும் ஓ.

அப்பா அறையில். சாப்பிடவில்லை. அம்மா வேலைக்குப் போகவில்லை. சனிக்கிழமைச் சொசேஜ் கொத்து அப்படியே. எங்கள் வீட்டில் சாப்பாடு அப்படியே கிடப்பது இதுதான் முதல் தடவை.

செ.மா. போனில், ஸ்பீக்கரில்: "பிள்ளை, அப்பா எப்பிடி? ஆரோ தேங்காய்ப்பால் விட்டிருக்கினம். குசினியிலை ஆறு டின் காணேல்லை. ஆர் எண்டு தெரிஞ்சால் தோலை உரிப்பன்."

"தெரியேல்லை, மாமா."

டின்கள் என் பள்ளிப் பையில். அடுத்த கட்டடத்துக் குப்பைப் பெட்டியில் போட்டேன். ஒன்றன் பின் ஒன்றாக, ஆறு சத்தம்.

நிருவின் செய்தி: "பந்தயம் நீ வெண்டிட்டாய். வேண்டாம் எண்டால் பரவாயில்லை."

அம்மா கதவுக்கு வெளியே நின்று, "இஞ்சேருங்கோ, ஒரு வாய் தேத்தண்ணி," என்றார். கதவு திறக்கவில்லை. என்னிடம் திரும்பி: "முடிஞ்சுது. நான்தான் பிழை விட்டனான். போகச் சொல்லியிருக்கக் குடாது."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் திறக்கவில்லை. இவ்வளவு பெரிய வாய்.

மே 20, செவ்வாய்

அம்மா வேலைக்கு. நான் தலையிடி என்று பொய் சொல்லி வீட்டில். பத்து மணிக்கு அப்பா அறையிலிருந்து வந்து, குசினி மேசையில் காய்ந்த ரொட்டிப் பாணை உப்புமாவுக்குச் சதுரமாக வெட்டத் தொடங்கினார். நான் எதிரில் இருந்தேன். எழுந்து ஓட வசதியாகக் கதவுப் பக்கம்.

"அப்பா. நான்தான் தேங்காய்ப்பால் விட்டனான்."

"தெரியும்."

"எப்பிடி?"

"வேறை ஆர் செய்வினம்?"

வெட்டினார். சதுரங்கள் எல்லாம் ஒரே அளவு.

"ஏன் ஏசேல்லை?"

வெட்டிக்கொண்டே சொன்னார். கீழே இருப்பது அவர் சொன்னபடி, என்னால் முடிந்தவரை.

"அண்டைக்கும் தேங்காய் கிடைச்சது. ஆரோ நாலு தேங்காய் கொண்டந்தவை. பால் பிழிஞ்சு விட்டனாங்கள். கன நாளைக்குப் பிறகு ருசி. ரூபன் தன்ரை பங்கை வாங்கிக் குடிச்சுப்போட்டு, திரும்பச் சட்டியோடை நேரா என்னட்டை வந்தான். அண்ணை, அண்ணிக்கும் கொஞ்சம் தா எண்டு. அம்மாவுக்கு அப்ப ஆறு மாசம். நீ."

ரூபன் சித்தப்பா. சுவரில் படம். பதினேழு வயது. ஷெல் விழுந்து செத்தார் என்பது வரைக்கும் தெரியும்.

"நான் ஊத்திக் குடுத்திருக்கலாம். சட்டி எனக்கு முன்னாலை நீட்டிக்கொண்டு நிண்டவன். ஆனால் வரிசையிலை சனம். பிள்ளைகளோடை நிக்குதுகள். என்ரை தம்பி எண்டு முன்னுக்குக் குடுக்கேலாது. போய் வரிசையிலை நில் எண்டனான். கடைசியிலை போய் நிண்டான். அந்தக் கடைசியிலைதான் விழுந்தது."

பாண்துண்டுகளைத் தட்டில் அடுக்கினார்.

"ஜனவரியிலை வேலையிலை ஒரு பெடியன் புதுசா வந்தவன். வேலை பழக வந்தது. பதினேழு வயசு. கோப்பையை என்னட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் எண்டு கேட்டான். அவ்வளவுதான். வேறை ஒண்டும் நடக்கேல்லை."

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"அவன் தானாப் போய் நிண்டதெண்டு நினைக்கிறா. அம்மாவுக்கெண்டுதான் அவன் நிண்டவன் எண்டது அவவுக்குத் தெரியாது."

சட்டி என்ன ஆனது என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"கிடந்தது. கழுவினனான். அடுத்த நாளும் அதிலைதான் வாங்கினனாங்கள். வேறை சட்டி இருக்கேல்லை."

வெங்காயம் வெட்டச் சொன்னார். வெட்டினேன். கண் எரிந்தது, வெங்காயத்துக்கு. உப்புமா சாப்பிட்டோம். அவர் இரண்டு கோப்பை, நான் ஒன்று. எனக்குள் ஒன்றும் அசையவில்லை. அசைய வேண்டும் என்று காத்துக்கொண்டு இருந்தேன்.

மே 21, புதன்

பரீட்சை. எழுதினேன். என்ன எழுதினேன் என்று நினைவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் யோசனை: எனக்காக ஒருவர் கஞ்சிக்கு நின்றார். எனக்கு அப்போது வாயே சரியாக வந்திருக்காது.

அம்மாவிடம் நான் சொன்னது தேங்காய்ப்பால் மட்டும். ஒரு அடி, முதுகில். பிறகு என்னைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். மற்றது என்னுடையது இல்லை, சொல்வதற்கு.

மே 22, வியாழன்

வெயில். அப்பா சவரம் செய்திருந்தார். இந்த முறையும் நான்தான் துணை.

டொக்டர் போனை எடுத்து மொழிபெயர்ப்பாளரின் எண்ணை அழுத்தத் தொடங்கினார். அப்பா கையை நீட்டி, "நெய்," என்றார். இங்கே அதற்கு வேண்டாம் என்று அர்த்தம். பிறகு அவருடைய வேலையிட நோர்வேஜிய மொழியில், "என் தம்பி," என்று தொடங்கினார். "என் தம்பி. போர். சாப்பாடு." அதற்கு மேல் சொல் இல்லை. என்னைப் பார்த்தார்.

"நீ சொல்லு."

டொக்டர், அது கூடாது, பிள்ளைகளை மொழிபெயர்க்க விடுவதில்லை, அது விதி என்றார். இரக்கமாகத்தான் சொன்னார். நான் அதை அப்பாவுக்குச் சொன்னேன்.

"இவ பிள்ளை இல்லை எண்டு சொல்லு. இவ அங்கை இருந்தவ எண்டு சொல்லு."

சொன்னேன். அம்மாவின் வயிற்றில், என்று நானாகச் சேர்த்தேன்; டொக்டர் என்னைப் பார்த்தார், என் பிறந்த திகதியைக் கேட்டார், பிறகு போனை வைத்தார்.

ஒவ்வொரு வசனமாக. அப்பா ஒன்று, நான் ஒன்று. கஞ்சிக்கு இங்கே இருக்கும் சொல்லைச் சொன்னதும் டொக்டரின் முகம் ஒரு கணம் இளகியது. இங்கே அது சனிக்கிழமைச் சாப்பாடு, மேலே சீனியும் கறுவாவும் வெண்ணெயும். நான் நிறுத்தவில்லை. அரிசி, தண்ணீர், உப்பு, நாலு தேங்காய். சட்டி. வரிசை. அவருடைய முகம் திரும்ப இறுகியது.

அப்பா நிறுத்தினார். ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளைப் பூட்டினார்கள். பிறகு என் பக்கம் திரும்பினார், டொக்டர் பக்கம் இல்லை.

"நான்தான் வரிசையிலை நில் எண்டு சொன்னனான். அதைச் சொல்லு. அப்பிடியே சொல்லு."

நான் சொன்னேன். நான்தான் அவனை வரிசையில் நிற்கச் சொன்னேன், என்று. என் வாயால். குரல் எனக்கே கேட்டது.

டொக்டர், "நான் என்றால் யார்?" என்று கேட்கவில்லை. பேனையைக் கீழே வைத்தார்.

அப்பா, "ஓம்," என்றார்.